குமாஸ்தா நாற்காலியும் கோடீஸ்வரர் ஏலமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டைக் கட்டி முடித்த பிறகு அதில் எதைப் போட்டு உட்காருவது என்பது பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அன்றைக்கு இருக்கவில்லை. கூடத்தில் ஒரு ஊஞ்சல், தாத்தாவுக்கு ஒரு ஈஸிசேர், திண்ணையில் ஒரு பெஞ்சு, சாப்பிட உட்கார மணை, படுக்கப் பாய். ஒரு குடும்பத்தின் மரச்சாமான் ஜாபிதா அத்துடன் முடிந்தது.

இன்று பெங்களூரிலும் புணேயிலும் குர்காவ்னிலும் ஃப்ளாட் வாங்கிக் குடியேறும் நம் குழந்தைகளின் நிலைமை வேறு. பெயர் பெற்ற டிஸைனர் வரைந்த நாற்காலி என்று சொல்லி, ஒரு நாற்காலிக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா? கொடுப்பதானால் எப்போது? நம் தேசத்திலேயே பிறந்த ஒரு நாற்காலியின் சரித்திரம் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்கிறது. உலகம் முழுவதும் "சண்டீகர் நாற்காலி" என்று அறியப்படுவது அது.

மத்திய அரசுப் பணியில் 1981 முதல் மூன்று வருஷங்கள் நான் சண்டீகரில் இருந்தேன். என் அலுவலகத்தில் இருந்தவை சாதாரண நாற்காலிகள்தாம். ஆனால் கோப்புகளை எடுத்துக்கொண்டு செக்ரடேரியட்டுக்குப் போகும் போதும், விடுமுறை நாட்களில் பஞ்சாப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும்போதும் அந்தப் பிரம்பு நாற்காலிகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றை வரைந்தவர் யார் என்று அங்கே யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. உட்கார சௌகரியமாக இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

நகரம் பிறந்த கதை

1947 பிரிவினையில் பஞ்சாப் தன் தலைநகரான லாகூரை இழந்தது. சிம்லாவில் தாற்காலிகமாக இயங்கிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு ஒரு புதிய ஊர் தேவைப்பட்டது. முதலில் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் திட்டம் தீட்டினார். அவருக்கு உதவியாக இருந்த இளம் கட்டடக் கலைஞர் மாத்யூ நொவிக்கி 1950-ல் விமான விபத்தில் காலமானார். அதன் பிறகு பி.என். தாப்பர், பி.எல். வர்மா ஆகிய இரண்டு அதிகாரிகள் ஐரோப்பாவுக்குச் சென்று தேடியதில், பாரிஸிலிருந்த லெ கார்பூஸியே அமர்த்தப்பட்டார்.

லெ கார்பூஸியே நிரந்தரமாக இங்கே வந்து தங்க ஒப்புக்கொள்ளவில்லை. வருஷத்தில் இரண்டு தடவை வந்து போவார். தளத்தில் இருந்து வேலை வாங்க மூன்று பேர் வந்தார்கள். ஆங்கிலேயத் தம்பதியரான மாக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாமவர் லெ கார்பூஸியேவின் உறவினர், பியர் ஜான்னரே. 1896-ல் ஜெனீவாவில் பிறந்தவர். 1951-ல் வந்தவர் 1965 வரை சண்டீகரிலேயே இருந்துவிட்டார்.

இந்த ஜான்னரேதான் நம் கதாநாயகர். நாற்காலி அவருக்குப் புதிய விஷயம் அல்ல. 1920-களின் கடைசியில் லெ கார்பூஸியே, ஷார்லொத் பெரியாந் என்ற பெண்மணி, இவர் மூவரும் சேர்ந்து எஃகுக் குழாயை வளைத்துத் தோல் மெத்தை வைத்த ஆசனங்களைச் செய்தார்கள். 1929-ல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த மாதிரிகள் இன்றும் தயாராகி விற்கின்றன. இயந்திர யுகத்துக்கானவை என்று பெயர். ஆனால் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் அவை என்றைக்கும் இருந்ததில்லை.

பிறகு உலக யுத்த காலத்தில் உறவினர்கள் இருவரும் பிரிந்தார்கள். ஜான்னரே பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்துகொண்டார். பல வருஷங்களுக்குப் பிறகு இருவரையும் மறுபடி ஒன்றாக உட்கார வைத்தது சண்டீகர்.

ஒரு ஊருக்கே நாற்காலி

1953 அக்டோபர் 7-ஆம் தேதி ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் நகரைத் திறந்து வைத்தார். முதல் கட்டத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கான ஊர். ஹைகோர்ட், செக்ரடேரியட், சட்டசபை, பல்கலைக்கழகம், கல்லூரிகள், பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், அரசு ஊழியர் குடியிருப்புகள் என்று ஒவ்வொன்றாக எழும்பின. அத்தனைக்கும் மேஜை, நாற்காலி, அலமாரி, பெஞ்சு, புத்தக அடுக்கு வேண்டுமே! இறக்குமதி செய்யப் பணம் இல்லை. பெரிய தொழிற்சாலைகளும் பக்கத்தில் இல்லை. இருந்தவை தேக்கு, ஷீஷம், பிரம்பு, தச்சர்கள்.

ஜான்னரேயும், யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் இருந்ததை வைத்து வரைந்தார்கள். வரைபடங்கள் பல பட்டறைகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு பட்டறையும் தன் கையில் இருந்த மரத்துக்கும் தன் தச்சரின் பழக்கத்துக்கும் ஏற்றபடி செய்து கொடுத்தது. அதனால் ஒரே மாதிரி நாற்காலிகள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால், கனத்திலும் அளவிலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். அடியேன் பௌதிகம் படித்தவன். சொல்லாமல் இருக்க முடியாது. சாதாரண நாற்காலியில் நான்கு கால்கள் செங்குத்தாக நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு செவ்வகம். செவ்வகத்தை மூலையில் பிடித்துத் தள்ளினால் அது சாயும். அந்தச் சாய்வைத் தடுப்பது மூலைகளில் உள்ள இணைப்புகள் மட்டுமே. அதனால்தான் சில வருஷங்களில் நாற்காலி "கிறீச்" என்று ஆடத் தொடங்குகிறது.

சண்டீகர் அலுவலக நாற்காலியில் முன்காலும் பின்காலும் தலைகீழான ஆங்கில "வி" எழுத்துப் போல மேலே நெருங்கிக் கைப்பிடியைத் தாங்கும். ஆசனத்தின் சட்டம் நடுவில் குறுக்கே போகும். அதாவது ஒரு முக்கோணம். முக்கோணத்தின் பக்கங்களை ஒடித்தாலொழிய அதன் வடிவம் மாறாது. ரயில்வே பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் நாம் பார்ப்பது இந்த முக்கோணத்தைத்தான்.

ஆசனத்திலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். பஞ்சாப் சமவெளியில் மே, ஜூன் மாதத்து வெயில் எப்படி இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பின்னலில் காற்று இரண்டு பக்கமும் போய் வருவதால் வியர்வை உலர்ந்துவிடும். உட்காருகிறவரின் எடைக்குத் தகுந்தபடி பின்னல் சற்றே இறங்கியும் கொடுக்கும். தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை பூச்சிகளை அண்ட விடாது. இத்தனையும் சேர்ந்தது ஒரு குமாஸ்தாவின் நாற்காலி! மந்திரி நாற்காலிக்கு மெத்தை உண்டு என்ற பேதம் இருந்தாலும், வரைந்த கை ஒன்றுதான்.

வெளியே போன கதை

1965-ல் உடல்நலம் குன்றி ஜான்னரே ஸ்விட்ஸர்லாந்து திரும்பினார். 1967-ல் காலமானார். அவருடைய விருப்பப்படி அஸ்தி சண்டீகர் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. ஊர் அவரை மெல்ல மறந்தது. நாற்காலிகள் மட்டும் உழைத்துக்கொண்டிருந்தன.

பிரம்பு நிரந்தரமான வஸ்து அல்ல. பத்துப் பதினைந்து வருஷத்தில் அறுந்துவிடும். மறுபடி பின்ன வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது ஒரு தொழிற்கல்வி. கண் வேண்டாத, விரல்களே பார்க்கிற வேலை. அரசு அலுவலகங்களில் இதற்கென்றே பார்வையற்றவர்களுக்குப் பணியிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எங்கள் அலுவலக வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்து, ஊறவைத்த பிரம்பை ஒவ்வொரு துளையாகக் கோத்து இழுப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அரை அங்குலம் பிசகாது.

பிறகு பிளாஸ்டிக் ஒயர் வந்தது. அதற்குப் பிறகு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலியும் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியும் வந்தன. பின்னுகிறவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படவில்லை. பின்னல் அறுந்த நாற்காலி வராந்தாவுக்குப் போயிற்று, வராந்தாவிலிருந்து மொட்டை மாடிக்கு, அங்கிருந்து ஏலத்துக்கு.

இந்த இடத்தில் அரசாங்க நடைமுறையைச் சொல்ல வேண்டும். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள ஒரு சாமானைக் கழிக்க ஒரு கமிட்டி கூடும். பிற்பாடு வேறு ஊர்களில் இப்படிப்பட்ட கமிட்டிகளில் நானும் இருந்திருக்கிறேன். படிவத்தில் சாமானின் பெயர், வாங்கிய வருஷம், வாங்கிய விலை, இப்போதைய நிலைமை, ரிப்பேர் செய்தால் கட்டுபடியாகுமா என்று பத்திகள் இருக்கும். "வரைந்தவர் யார்?" என்று ஒரு பத்தி கிடையாது. எனவே விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. சண்டீகரில் பகிரங்க ஏலத்தில் சில நூறு ரூபாய்க்குக் கூட நாற்காலிகள் போயின. சில விறகாகவும் போயின.

1990-களின் கடைசியிலும் 2000-த்தை ஒட்டியும் பாரிஸிலிருந்து பழம்பொருள் வியாபாரிகள் வந்து இந்த ஏலங்களில் மொத்தமாக வாங்கினார்கள். கப்பலில் ஏற்றி, மரத்தைச் சீர் செய்து, புதுப் பிரம்பு பின்னி, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் வைத்தார்கள். ஒரு ஜோடி பல லட்ச ரூபாய்க்குப் போகத் தொடங்கியது. பஞ்சாப் தச்சர் செய்த குமாஸ்தா நாற்காலி கோடீஸ்வரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏமி ஸீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-ல் இதை ஒரு படமாகவே எடுத்தார். அந்தப் படம் பணக்கார வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், பட்டறை, துறைமுகம் என்று பின்னோக்கி வந்து சண்டீகரில் முடிகிறது. அந்தப் படத்தின் பிரதியும் அதே வருஷம் லண்டனில் ஏலம் விடப்பட்டது!

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசாங்கம் வெளிநாட்டு ஏலங்களைத் தடுக்க முயன்றது; பலிக்கவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, விற்றது அரசு அலுவலகங்களே, முறையான ஏலத்தில். இரண்டாவது, 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக அதற்கு 100 வயது நிரம்ப வேண்டும். 1955-ல் செய்த நாற்காலிக்கு அந்த யோக்யதை 2055-ல்தான் வரும்.

2011 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம், சண்டீகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்று உத்தரவிட்டது. கணக்கெடுத்ததில் 12,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் பட்டியலாயின. 2016-ல் அங்குள்ள காபிடல் காம்ப்ளெக்ஸ் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2017-ல் ஜான்னரே வாழ்ந்த ஐந்தாவது செக்டார் வீடு அருங்காட்சியகம் ஆயிற்று. ஆனாலும் வெளியே போனவை போனவைதான். உத்தரவுக்குப் பிறகும் அரசு நிறுவனங்களிலிருந்து நாற்காலிகள் திருட்டுப் போனதாக வழக்குகள் பதிவாகியிருக்கின்றன.

இனி நம் வீட்டுக் கேள்வி

இவ்வளவு சரித்திரத்துக்கும் நம் பர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சில வருஷங்களுக்கு முன் என் பெண்ணும் மாப்பிள்ளையும் புணேயில் ஃப்ளாட் வாங்கினார்கள். ஒரு வியாபாரி இரண்டு சண்டீகர் நாற்காலிகளைக் காட்டி, முதுகுச் சட்டத்தில் வெள்ளைப் பெயிண்ட்டில் எழுதியிருந்த இலாகா எழுத்துக்களையும் காட்டி, லட்சக் கணக்கில் விலை சொன்னாராம். "அப்பா, ஒரிஜினலாம். வாங்கலாமா? நீங்க இதுல உட்கார்ந்திருக்கேளே" என்று கேட்டாள். "நான் அதுல உட்கார்ந்ததுக்கு கவர்ன்மென்ட் எனக்குச் சம்பளம் குடுத்ததுடி. நீ எதுக்கு லட்சம் குடுக்கறே?" என்றேன். சிரித்தாலும், அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் அவளுக்கு எழுதியனுப்பியதன் சாரம் இது:

1. விலையை இரண்டாகப் பிரித்துப் பார். ஒரு பகுதி மரத்துக்கும் வேலைக்கும், மற்றது கதைக்கு. அந்தப் பழைய நாற்காலியில் விலையின் பெரும்பகுதி, பெயிண்ட் எழுத்துக்குத்தான். பெயிண்ட்டும் ஸ்டென்ஸில் தகடும் யாரிடமும் கிடைக்கும். முன்பே சொன்னபடி பல பட்டறைகள் செய்ததால் அளவை வைத்தும் நிச்சயம் செய்ய முடியாது. போலிக்கு இதைவிட வசதியான இடம் ஏது? நிஜமே என்றாலும், அது எந்த ஆபீஸிலிருந்து எந்த வழியாக வந்தது என்பதற்கு ஏலச் சீட்டு காட்டாமல் வாங்கக் கூடாது. அரசாங்கச் சொத்து திருட்டுப் பொருளாக நம் கூடத்தில் இருக்க வேண்டாம்.

2. அதே வரைவைப் பின்பற்றிப் புதிதாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் ஃபாண்டம் ஹாண்ட்ஸ் பட்டறை செய்கிறது. இத்தாலியின் கஸ்ஸீனா நிறுவனம் 2019-லிருந்து ஜான்னரேக்கு அஞ்சலியாக ஒரு வரிசை செய்கிறது. இவையும் மலிவு அல்ல. ஆனால் இங்கே கொடுக்கும் பணம் மரத்துக்கும் கைக்கும் போகிறது.

3. வருஷக் கணக்குப் போடு. ஓர் உதாரணம்: நல்ல தேக்கு நாற்காலி 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள். 30 வருஷத்தில் இரண்டு தடவை பிரம்பு பின்ன 6,000. மொத்தம் 51,000. வருஷத்துக்கு 1,700. மரத்தூள் பலகையில் செய்த 9,000 ரூபாய் நாற்காலி ஐந்து வருஷம் வந்தால் வருஷத்துக்கு 1,800. ஆக, விலை உயர்ந்ததே மலிவு. ஆனால் உங்களுக்கு மாற்றல் வந்து, ஐந்தாவது வருஷமே தேக்கு நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போனால், வருஷத்துக்கு 9,000 ஆகிவிடும். எனவே ஊர் நிலைத்த பிறகே வாங்கு. வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் வாங்கி வேண்டாம்.

4. உன் ஊரில் பின்னல் வேலை தெரிந்தவர் யார் என்று முதலில் விசாரி; பிறகு கடைக்குப் போ. பின்ன ஆள் இல்லாத ஊரில் பிரம்பு நாற்காலி மொட்டை மாடிக்குத்தான் போகும். சண்டீகரில் நடந்தது அதுவே.

5. உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதே. தாழ்வான சாய்வு நாற்காலி புகைப்படத்தில் அழகாக இருக்கும். அறுபது வயதுக்கு மேல் அதிலிருந்து எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். ஆசனம் முழங்கால் உயரம் இருக்க வேண்டும். ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும். உன் அம்மாவும் மாமியாரும் வந்து தங்குவார்கள் என்பதை மறக்காதே.

அவர்கள் காத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இனி மாற்றல் இல்லை என்று உறுதியான பிறகு, கைப்பிடி வைத்த நிமிர்ந்த நாற்காலி இரண்டு, புதிதாகச் செய்ததாக, சேமிப்பிலிருந்து வாங்கினார்கள். பேத்தி அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுகிறாள். மூலை முடுக்கில் பென்ஸில் கிறுக்கலும் வந்தாயிற்று. ஏலத்தில் மதிப்புக் குறையலாம். என்னைப் பொறுத்தவரை நாற்காலி இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

பெரிய டிஸைனர் பெயர் என்றாலே பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பெயருக்குப் பின்னால் யோசனை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஜான்னரே வரைந்ததில் யோசனை இருந்தது. அந்த யோசனை குறைந்த செலவில், உள்ளூர் மரத்தில், உள்ளூர் கையால் செய்து, பழுது பார்த்துப் பார்த்துப் பல்லாண்டு உட்கார வேண்டும் என்பது. அதை நம் வீட்டில் கடைப்பிடித்தால் செலவு வீண் அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பதற்கென்றால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது நாற்காலியே அல்ல.

இந்த இதழைப் படிக்கும் அங்கத்தினர்களில் பலர் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறீர்கள். வங்கியிலோ, கல்லூரியிலோ, ரயில்வேயிலோ, அரசு இலாகாவிலோ, என்றாவது ஒருநாள் கழிக்க வேண்டிய சாமான்களின் பட்டியல் உங்கள் மேஜைக்குக் கையெழுத்துக்கு வரும். படிவத்தில் அந்தப் பத்தி இன்னும் இல்லை. எனவே எழுந்து போய், அந்தப் பழைய நாற்காலியை ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மரம் என்ன, இணைப்பு எப்படி, செய்தவர் யார் என்று விசாரியுங்கள். பின்னல் அறுந்தது மட்டுமே குறை என்றால், கையெழுத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னுகிறவர் ஒருவரைத் தேடிக் கூப்பிடுங்கள்.